மணலுக்கு அடியில் மண்

நீர்ச்செடிகள் வளர்க்கும் மீன்தொட்டியில் அநேகமாக எல்லாவற்றையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். விளக்கை மாற்றலாம், ஃபில்டரை மாற்றலாம், ஒத்துவராத மீன்களை நண்பருக்குக் கொடுத்துவிடலாம். அடியில் பரப்பிய மண்ணை மட்டும் தொட்டியைக் கலைக்காமல் மாற்ற முடியாது. திரும்பப் பெற முடியாத இந்த முடிவைத்தான் பலர் கடையில் நின்றபடி, பையின் விலையைப் பார்த்து எடுக்கிறார்கள். விலை உயர்ந்த ‘சாயில்’ (உருண்டைகளாக்கி விற்கப்படும் மண்) போட்டால் செடி வளரும், வெறும் மணலில் வளராது என்பது இன்று பரவலான நம்பிக்கை. அது சரியல்ல. அதற்கு மாற்றாகச் சொல்லப்படும் ‘மணலுக்கு அடியில் தோட்டத்து மண்’ என்ற முறைக்கு உறுதியான அறிவியல் அடிப்படை இருக்கிறது. அதன் ஆதரவாளர்கள் குறைவாகப் பேசும் சிக்கல்களும் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து எடைபோட வேண்டும்.

இந்த முறையைப் பரவலாக்கியவர் அமெரிக்கரான டயானா வால்ஸ்டாட். நீர்ச்செடித் தொட்டியின் சூழலியலைப் பற்றி 1999-இல் அவர் எழுதிய நூல் இத்துறையின் சிந்தனையையே திருப்பியது. செய்முறை எளிது. சுமார் 2.5 செ.மீ. தடிமனுக்குச் சாதாரண மண், அதன் மேல் அதே அளவு கிராவல் அல்லது பருமணல். முதல் நாளிலேயே நெருக்கமாகச் செடி நடுவது. சிலிண்டரிலிருந்து கார்பன் டை ஆக்சைடு தேவையில்லை, திரவ உரம் தேவையில்லை. மீன் உணவும் மண்ணுமே செடிக்குப் போதும் என்பது அவர் வாதம்.

தமிழர்களுக்கு இது புதிதாகத் தோன்றக் கூடாது, ஏனென்றால் இது நெல் வயலின் வேதியியல். வயலில் தண்ணீர் கட்டியதும் மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்பதை இலங்கையைச் சேர்ந்த மண்ணியலாளர் எஃப். என். பொன்னம்பெருமா, பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியபோது விரிவாக ஆராய்ந்தார். நீரில் மூழ்கிய மண்களைப் பற்றி 1972-இல் வெளியான அவர் கட்டுரை இன்றும் அடிப்படை ஆய்வாகக் கருதப்படுகிறது. மண் மூழ்கியதும் அதிலுள்ள ஆக்சிஜன் விரைவில் தீர்ந்துவிடுகிறது. பிறகு நுண்ணுயிர்கள் நைட்ரேட்டையும், அடுத்து மாங்கனீசையும் இரும்பையும், கடைசியாக சல்ஃபேட்டையும் பயன்படுத்துகின்றன. துருவாகக் கரையாமல் கிடந்த இரும்பு கரையும் வடிவத்துக்கு வருகிறது. அதோடு ஒட்டியிருந்த பாஸ்பேட்டும் விடுபடுகிறது. இன்னொன்று முக்கியமானது: அமில மண்ணின் பி.எச். ஏறுகிறது, கார மண்ணின் பி.எச். இறங்குகிறது, சில வாரங்களில் இரண்டுமே 7-ஐ நெருங்கி நிற்கின்றன. தொட்டித் தண்ணீர் எப்படி இருந்தாலும், வேர் நிற்கும் இடம் தனக்கென்று ஒரு நிதானத்தைத் தேடிக்கொள்கிறது.

மண் முறையின் பலம் இங்கிருந்து பிறக்கிறது. இரும்பு வேரடியிலேயே கிடைப்பதால் இளந்தளிர் வெளுக்காது. களிமண் துகள்கள் அமோனியம், பொட்டாசியம், கால்சியம் ஆகியவற்றைப் பிடித்துவைத்து மெல்ல மெல்லக் கொடுக்கின்றன. மண்ணிலுள்ள மக்கு சிதையும்போது கார்பன் டை ஆக்சைடு வெளிவருகிறது. தொட்டிச் செடிகளுக்குப் பெரும்பாலும் முதலில் பற்றாக்குறையாவது கார்பன்தான் என்பதால் இது சிறிய உதவியல்ல. செலவும் மிகக் குறைவு. இளைஞர் ஒருவர் வீட்டு வாசலில் இருக்கும் மண்ணைக் கொண்டே செழிப்பான தொட்டி அமைக்க முடியும் என்பதை நான் இந்த முறையின் பெரிய நன்மையாகக் கருதுகிறேன். பணம் உள்ளவர்களின் பொழுதுபோக்காக இது சுருங்கிப்போகாமல் இருப்பது நல்லது.

ஆனால் வால்ஸ்டாட்டின் செய்முறையை அப்படியே தமிழ்நாட்டுக்குக் கொண்டுவரும்போது இரண்டு இடங்களில் இடறுகிறது. இரண்டுக்கும் காரணம் நம் தண்ணீரும் வெயிலும்.

முதலாவது அமோனியா. புதிதாகப் போட்ட மண் தொடக்க வாரங்களில் அமோனியாவை வெளிவிடும். அது தண்ணீரில் இரு வடிவங்களில் இருக்கிறது: மீனுக்குப் பெரிய கேடு செய்யாத அமோனியம், செவுளைத் தாக்கும் அமோனியா வாயு. எது எவ்வளவு என்பதை பி.எச்.சும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. தண்ணீர் 30 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது பி.எச். 7 என்றால் மொத்தத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு கூட நச்சு வடிவில் இருக்காது. அதே வெப்பத்தில் பி.எச். 8 என்றால் அது 7 சதவீதத்தைத் தாண்டிவிடும். பல ஊர்களின் போர் தண்ணீர் பி.எச். 8-ஐ ஒட்டியே இருக்கிறது. குளிர்நாட்டில், மென்மையான தண்ணீரில் ஆபத்தில்லாமல் கடந்துபோகும் அதே அமோனியா இங்கே மீன்களைக் கொல்லும். ஆகவே மண் போட்ட தொட்டியில் மீன் விடுவதற்கு முன் பரிசோதனைத் திரவத்தால் அமோனியாவை அளந்து, அது இறங்கும் வரை காத்திருப்பது இங்கே கட்டாயம்.

இரண்டாவது, ‘தண்ணீர் மாற்றவே வேண்டாம்’ என்ற வாக்குறுதி. வால்ஸ்டாட் தண்ணீர் மாற்றத்தைக் குறைக்கலாம் என்றார். அதைக் கேட்டவர்கள் ‘வேண்டாம்’ என்று ஆக்கிவிட்டார்கள். கோடையில் தொட்டி நீர் வேகமாக ஆவியாகிறது. போவது தண்ணீர் மட்டும். உப்புகள் தொட்டியிலேயே தங்கும். குறைந்த அளவை மறுபடியும் போர் தண்ணீரால் நிரப்பினால் கடினத்தன்மை மாதத்துக்கு மாதம் ஏறும். ஆவியான அளவை மழைநீராலோ ஆர்.ஓ. தண்ணீராலோ ஈடுசெய்ய வேண்டும், அல்லது வழக்கப்படி தண்ணீர் மாற்ற வேண்டும்.

மண் முறைக்கே உரிய மூன்றாவது குறை, அது மனமாற்றத்தைப் பொறுக்காது என்பது. வேரூன்றிய செடியைப் பிடுங்கினால் அடியிலிருக்கும் சேறு மேலே வந்து தண்ணீரைக் கலக்கும். இடம் மாற்றி மாற்றி அழகு பார்க்க விரும்புபவர்களுக்கும், மண்ணைத் தோண்டும் சிக்லிட் மீன் வளர்ப்பவர்களுக்கும் இது ஏற்றதல்ல. மண்ணை அதிகத் தடிமனாகப் போட்டாலோ, அதன் மேல் மிகப் பொடியான மணலை அடர்த்தியாகப் பரப்பினாலோ, சல்ஃபேட் சிதைந்து அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு சேர்ந்து வேர்கள் கருத்துப்போகும். நெல்லைப் போலவே நீர்ச்செடிகளின் வேர்களும் தண்டு வழியே வரும் ஆக்சிஜனைத் தம்மைச் சுற்றிக் கசியவிடுகின்றன. நெருக்கமாகச் செடி நடச் சொல்வது இதனால்தான். செடி குறைவாக உள்ள தொட்டியில் மண் போடுவது பாதி முறையைச் செய்து மீதியை விட்டுவிடுவதாகும்.

எந்த மண் என்ற கேள்வியில்தான் பலர் தவறுகிறார்கள். மண்புழு உரம், தென்னை நார்க்கழிவு, தொழுவுரம் கலந்த நர்சரி கலவை எதுவும் கூடாது. மக்கு மிகுந்தால் அமோனியாவும் அழுகலும் மிகும். செம்மண்ணில் இரும்பு உண்டு, மக்கு குறைவு, ஆகவே தொடங்குவதற்குப் பாதுகாப்பானது. ஆனால் சத்தைப் பிடித்துவைக்கும் திறன் குறைவு. கரிசல் சத்தை நன்றாகப் பிடித்துவைக்கும். ஆனால் ஈரத்தில் ஊதும், அதில் பெரும்பாலும் சுண்ணாம்பும் இருக்கும். செம்மண்ணோடு சிறிதளவு களிமண் சேர்ப்பது நடுவழி. பூச்சிமருந்து அடித்த வயலின் மண்ணைத் தவிர்க்க வேண்டும். எதுவானாலும் சலித்து, பலமுறை நனைத்துக் காயவைத்தால் மக்கு முன்கூட்டியே சிதைந்து தொடக்கக் கொந்தளிப்பு அடங்கும்.

இனி, கடைகள் முதலில் நீட்டும் சாயில். ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் தகாஷி அமானோ 1982-இல் தொடங்கிய ஏ.டி.ஏ. நிறுவனத்தின் அக்குவா சாயில் இவ்வகையில் முன்னோடி. இயற்கை மண்ணைச் சிறு உருண்டைகளாக்கி அதைச் செய்கிறார்கள். வேர் எளிதாகப் பாயும், சத்து நிறைய உண்டு, தண்ணீரின் கார்பனேட் கடினத்தன்மையை உறிஞ்சி பி.எச்.சை 7-க்குக் கீழே இறக்கும். மென்மையான தண்ணீரில் வாழும் செடிகளுக்கும், பீ ஷ்ரிம்ப் போன்ற நுண்ணிய இறால்களுக்கும் இதைவிட வசதியான அடிமண் இல்லை. இதன் பலவீனமும் அதே குணத்தில்தான் இருக்கிறது: உறிஞ்சும் திறனுக்கு எல்லை உண்டு. கடினமான போர் தண்ணீரை ஒவ்வொரு வாரமும் ஊற்றினால் அந்த எல்லை சீக்கிரம் வந்துவிடும். உருண்டைகளும் நாளடைவில் உடைந்து சேறாகும். 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள சிறு தொட்டிக்கே, 5 செ.மீ. உயரம் பரப்ப 9 லிட்டர் தேவை. ஆர்.ஓ. தண்ணீர் பயன்படுத்தாத வீட்டில் இந்தச் செலவின் பெரும்பகுதி, சில மாதங்களில் மறைந்துவிடும் ஒரு குணத்துக்காகவே போகிறது.

வெறும் மணலைக் குறைத்து மதிப்பிடுவதும் தவறு. அது தானாக எதையும் கொடுக்காது, ஆனால் தண்ணீரைக் கெடுக்கவும் செய்யாது. வேரடியில் ரூட் டேப்லெட் புதைத்தும், தண்ணீரில் திரவ உரம் விட்டும் சத்தை நம் கட்டுப்பாட்டில் வைக்கலாம். தவறு நேர்ந்தால் தண்ணீரை மாற்றிச் சரிசெய்யலாம். 1 முதல் 3 மி.மீ. வரையுள்ள மணி நல்லது. கொஞ்சம் மணலில் வினிகர் விட்டு, குமிழ் வந்தால் அதில் கிளிஞ்சலோ சுண்ணாம்போ இருக்கிறது என்று ஒதுக்கிவிடலாம். எம்-சாண்ட் உடைத்த கல் ஆதலால் கூர்மையானது. அடியை முகர்ந்து திரியும் கோரிடோராஸ் போன்ற மீன்களின் மீசையைத் தேய்த்துவிடும். ஆற்று மணல் இவ்வளவு அள்ளப்பட்டுவிட்ட நாட்டில், பழைய தொட்டியின் மணலைக் கழுவி மறுபடி பயன்படுத்துவது பொறுப்பான செயல்.

அப்படியானால் தீர்ப்பு எது? செடிகளைப் பார்த்தே அதைச் சொல்ல முடியும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் ஆகியவை கட்டையிலும் கல்லிலும் ஒட்டி வளர்பவை. அவற்றின் கிழங்கைப் புதைத்தால் அழுகும். அவற்றுக்காகச் சாயில் வாங்குவது வீண். வாலிஸ்னேரியாவும் ஹைட்ரில்லாவும் கடினத் தண்ணீரின் பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும், மணலிலேயே செழிக்கும். இலங்கைக்கே உரிய கிரிப்டோகோரைன் வெண்ட்டியும், அமேசான் வாள்செடியும் வேரால் வாழ்பவை. மணலுக்கு அடியில் மண் தன் முழு மதிப்பைக் காட்டுவது இவற்றிடம்தான்.

கடினமான தண்ணீர் உள்ள வீட்டில், செடிகளை ஒருமுறை நட்டுவிட்டுப் பொறுமையாக விட்டுவைக்கக் கூடியவருக்கு, மெலிதாகப் போட்ட செம்மண்ணும் அதன் மேல் பருமணலும் சாயிலைவிட நீடித்த அடித்தளம் என்று உறுதியாகச் சொல்வேன். அடிக்கடி மாற்றியமைப்பவருக்கும் முதன்முதலாகத் தொடங்குபவருக்கும் மணலும் ரூட் டேப்லெட்டும். சாயில், தண்ணீரை மென்மையாகவே வைத்திருக்கத் தயாராக இருப்பவருக்கு மட்டும். ஆகவே கடைக்குப் போகும் முன் தண்ணீரின் பி.எச்.சையும் கார்பனேட் கடினத்தன்மையையும் அளந்துகொள்ளுங்கள், நடப்போகும் செடிகளின் பட்டியலை எழுதிக்கொள்ளுங்கள். இந்த இரண்டும் கையில் இருந்தால் எந்தப் பை வேண்டும் என்பதைக் கடைக்காரர் முடிவுசெய்ய வேண்டியதில்லை.