தேர்வில் தேறும் எடுத்துக்காட்டுகள்

எளிய குறிகளால் உரையை வடிவமைக்கும் மார்க்டவுனை 2004இல் ஜான் குரூபர் வெளியிட்டபோது கூடவே தந்தது ஒரு விளக்கப் பக்கமும் பெர்ல் நிரல் ஒன்றும்தான். விளக்கம் படிக்கச் சுகமானது. ஆனால், பட்டியலுக்குள் பட்டியல் வைக்க எத்தனை இடைவெளி விடவேண்டும் என்று கேட்டால் அதில் தெளிவான பதில் இருக்காது. ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொண்டு நிரல் எழுதினார்கள்; ஒரே உரை ஒரு தளத்தில் ஒழுங்காகவும் இன்னொன்றில் கோணலாகவும் வந்தது.

ஜான் மேக்ஃபார்லேன், ஜெஃப் அட்வுட் முதலியோர் 2014இல் கொண்டுவந்த காமன்மார்க் என்ற விதி ஆவணம் இதைச் சரிசெய்யப் பிறந்தது. மேக்ஃபார்லேன் தத்துவப் பேராசிரியர். ஆவணத்தின் நடையிலேயே அது தெரியும். 600க்கு மேற்பட்ட எடுத்துக்காட்டுகள். ஒவ்வொன்றிலும் நாம் எழுதும் உரையும் அதிலிருந்து வரவேண்டிய எச்டிஎம்எல்லும் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத டேப்பைக்கூட அம்புக்குறியாக அச்சிட்டிருக்கிறார்கள். இவற்றை ஆவணத்தின் மூலக்கோப்பிலிருந்தே எடுத்து ஓட்டிப் பார்க்க ஒரு சோதனை நிரலும் உண்டு. விளக்கம் ஒன்று சொல்ல, செயலி வேறொன்று செய்யும் பழைய நோய்க்கு இதைவிட நல்ல மருந்து நான் பார்த்ததில்லை.

குறையும் அங்கேதான் தொடங்குகிறது. சோதனைக்கென்று எழுதிய எடுத்துக்காட்டு மூலைமுடுக்குகளையே தேடிப்போகும். எங்கு பார்த்தாலும் ‘ஃபூ’, ‘பார்’ என்று பொருளற்ற சொற்கள். மனிதர் எழுதும் வாக்கியம் அபூர்வம். புதியவருக்குத் தனியாகப் பயிற்சிப் பக்கம் இருக்கிறது, சரி. ஆனால் இழப்பு புதியவருக்கு மட்டுமல்ல.

அழுத்தம் தரும் குறிகளுக்கு 17 விதிகள், நூற்றுக்கு மேல் எடுத்துக்காட்டுகள். இத்தனை இருந்தும் இதை எழுதிப் பாருங்கள்:

**"மார்க்டவுன்"**இல்

எழுத்து தடிக்காது, நட்சத்திரங்கள் அப்படியே நிற்கும். மூடும் குறிக்கு முன்னால் நிறுத்தற்குறி இருந்தால் பின்னால் இடைவெளியோ நிறுத்தற்குறியோ வந்தாகவேண்டும் என்பது விதி. ஒன்றுக்குள் ஒன்றாக வரும் அழுத்தங்களைப் பிரித்தறிய வைத்த விதி அது. சொற்களை இடம் விட்டு எழுதும் ஆங்கிலத்துக்கு உறுத்தாது. மேற்கோளை மூடிய கையோடு வேற்றுமை உருபை ஒட்டும் நமக்கு இடிக்கிறது. சீன, ஜப்பானியப் பயனர்களும் இதே முறையீட்டை நெடுநாளாக வைக்கிறார்கள். விதிப்படி நடக்கும் செயலிகள் சோதனையில் தேறுகின்றன. தமிழ் வாக்கியம் அவை எல்லாவற்றிலும் ஒரே மாதிரி உடைகிறது.

விதி எழுதியவர்களின் கவனக்குறைவு என்று இதைச் சொல்லமாட்டேன். எடுத்துக்காட்டுகளில் குறைந்தது பத்து, பல மொழிகளின் இயல்பான வாக்கியங்களாக இருந்திருந்தால், விதி உறையும் முன்பே முட்டியிருக்கும். இப்போதைக்கு மேற்கோள் குறியை நட்சத்திரங்களுக்கு வெளியே தள்ளிவிட்டால் வேலை நடக்கும்:

"**மார்க்டவுன்**"இல்