திரைக்கதை வகுப்பில் திணை மயக்கம்

1970 வாக்கில், லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஜான் கார்பென்டர், டான் ஓபானன் என்ற இரண்டு சினிமா மாணவர்கள் ‘டார்க் ஸ்டார்’ என்ற விண்வெளிப் படத்தைத் தொடங்கினார்கள். கையில் காசு கிடையாது. வேற்றுக்கிரகப் பிராணிக்கு எங்கே போவது? கடற்கரையில் பிள்ளைகள் உதைத்து விளையாடும் காற்றடைத்த பந்துக்குக் கீழே கால்களை ஒட்டி, அதையே பிராணியாக நடமாட விட்டார்கள். மாணவர் படமாக ஆரம்பித்தது வளர்ந்து முழுநீளப் படமாகி 1974இல் வெளிவந்தது. சிரிக்க வைக்க எடுத்த படம், ஆனால் அரங்கில் எதிர்பார்த்த சிரிப்பு எழவில்லை. சிரிக்காதவர்களை அலற வைத்துப் பார்ப்போம் என்று ஓபானன் முடிவு செய்தார். ஒரு கப்பல், வேலையில் சலித்துப்போன சில ஊழியர்கள், உள்ளே புகுந்துவிட்ட ஒரு பிராணி என்ற அதே சங்கதியை ரொனால்ட் ஷுசெட்டோடு சேர்ந்து புதிதாகக் கட்டினார். அதுதான் 1979இல் வந்த ‘ஏலியன்’.

ஜானர் திரைக்கதையைப் பல்கலைக்கழகத்தில் படிக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். இரண்டு படங்களிலும் சாமான்கள் ஏறக்குறைய ஒன்றே. அவை எந்த உணர்ச்சிக்காக உழைக்கின்றன என்பது மட்டும் தலைகீழாகிவிட்டது.

இந்தப் படிப்புக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் 1915லேயே, பேசாப் படக் காலத்தில், படக்கதை எழுத வகுப்பு நடத்தியது. தென் கலிபோர்னியாவில் 1929இல் தொடங்கியது. ஆனால் வகைமை பற்றிய சிந்தனை முதலில் வளர்ந்தது பத்திரிகைகளில். ராபர்ட் வார்ஷோ 1948இல் கேங்ஸ்டரைத் துன்பியல் நாயகனாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். கூட்டத்திலிருந்து தனித்து மேலே வருவதுதான் அவன் வெற்றி, தனியாக நிற்பதாலேயே சாகிறான் என்பது அதன் சாரம். சில பக்கக் கட்டுரைதான். பிற்காலப் பாடநூல்கள் பலவற்றைவிட எழுதுகிறவனுக்கு அதில் சத்து அதிகம்.

கல்விப்புலத்தில் முக்கியமான அடியை 1984இல் ரிக் ஆல்ட்மன் எடுத்து வைத்தார். ஒரு வகைமையை இரண்டு விதமாக அடையாளம் காணலாம் என்றார் அவர். குதிரை, துப்பாக்கி, புழுதித் தெரு என்று படத்துக்குள் இருக்கும் பொருள்களை எண்ணுவது ஒன்று. அவை தமக்குள் கொண்டிருக்கும் உறவை, ஊருக்கும் வனாந்தரத்துக்கும் இடையிலான இழுபறியைப் பார்ப்பது இன்னொன்று. தமிழ் படித்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். நிலமும் பொழுதும் முதல், அங்குள்ள பொருள்கள் கரு, அவற்றுக்குரிய உணர்ச்சி உரி என்று திணையைப் பிரித்த மரபு நம்முடையது. இரண்டும் ஒன்றென்று நான் சொல்ல வரவில்லை, திணை அகவாழ்வின் இலக்கணம். ஆனாலும் உரிப்பொருள் அல்லாதவை மயங்கலாம் என்று தொல்காப்பியர் விட்ட இடம், ஜானர் எழுதுகிறவர் மனப்பாடம் செய்ய வேண்டிய இடம். ‘ஏலியன்’ படத்தின் கரு முழுக்க விஞ்ஞானப் புனைவு. உரி, பூட்டிய வீட்டுக்குள் பேயோடு மாட்டிக்கொண்டவர்களின் பயம். அந்தப் பயத்தில் ஓபானன் எவ்வளவு தெளிவாக இருந்தார் என்றால், கப்பலில் உள்ள எந்தப் பாத்திரத்தையும் ஆணோ பெண்ணோ நடிக்கலாம் என்று பிரதியிலேயே குறித்துவைத்தார். நாயகி ரிப்ளியாக சிகோர்னி வீவர் வர அந்தக் குறிப்பு வழிவிட்டது.

எழுத்துப் பயிற்சியின் பக்கம் பெரிய ஆசான் ஃபிராங்க் டேனியல். செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்து, அமெரிக்கத் திரைப்பட நிறுவனம், கொலம்பியா, தென் கலிபோர்னியா மூன்றிலும் கற்பித்தவர். அவரிடம் படித்த டேவிட் லிஞ்ச் பல பேட்டிகளில் நினைவுகூர்ந்த பாடம் இது: சிறு அட்டைகளில், அட்டைக்கு ஒன்றாக, சீன்களை எழுது, எழுபது அட்டை சேர்ந்தால் படம் கையில் இருக்கிறது. நம் உதவி இயக்குநர்கள் சீன்களைத் துண்டுச் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டுவதும் இதே வேலைதான். எந்த ஜானருக்கும் இது உதவும். ஆனால் எந்தச் சீன் எந்த ஜானருக்கு உரியது என்று அட்டை சொல்லாது.

அங்கேதான் எனக்கு மனக்குறை. வார்ஷோவையும் ஆல்ட்மனையும் சினிமா ஆய்வுப் பிரிவில் படிக்கிறார்கள், அட்டையை எழுத்துப் பிரிவில் அடுக்குகிறார்கள். இரண்டு அறைக்கும் நடுவே கதவு திறந்தே இருக்க வேண்டும். திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நல்ல உதாரணம், நாவலாசிரியர் டனனரிவ் டியூ 2017இல் லாஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் கறுப்பினத் திகில் படங்களைப் பற்றித் தொடங்கிய வகுப்பு. அந்த ஆண்டு வெளியான ‘கெட் அவுட்’ படத்திலிருந்துதான் வகுப்பின் பெயரே பிறந்தது. எழுதி இயக்கிய ஜோர்டன் பீல் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வகுப்புக்குள் வந்து நின்றார். பாழடைந்த மாளிகை எதுவும் அந்தப் படத்தில் இல்லை. உபசரிப்பு குறையாத, சிரித்த முகமுள்ள வெள்ளையர் வீடுதான் அங்கே பயத்தின் இருப்பிடம். பயம் எந்த வீட்டில் குடியிருக்கிறது என்பது பயப்படுகிறவர் யார் என்பதைப் பொறுத்தது. அதைப் பேச வரலாறும் வேண்டும், எழுத்துப் பயிற்சியும் வேண்டும்.

நம்மிடமும் ஒரு பாடம் கையருகே கிடக்கிறது. அடையாறு திரைப்படக் கல்லூரியில் படித்தவர்கள் ஆபாவாணன் தலைமையில் கூடி எடுத்த ‘ஊமை விழிகள்’, 1986. இருட்டுச் சாலை, மணியடிக்கும் கிழவி, காணாமல் போகும் பெண்கள் என்று முதல் பாதி முழுக்கப் பேய்ப்படத்தின் கரு. படத்தில் பேய் கிடையாது. ஆள்பலமும் பணபலமும் உள்ள ஒரு மனிதனோடு ஒரு சின்னப் பத்திரிகை அலுவலகம் மோதுகிறது. ஒரு திரைக்கதை வகுப்பு அந்தப் படத்தைச் சீன் சீனாக நிறுத்தி, பேய்ப்பயம் எந்த இடத்தில் மனிதபயமாக மாறுகிறது என்று தேடலாம். ஒரு பருவம் முழுக்க அதற்கே சரியாக இருக்கும்.