கேட்பதும் காண்பதும்: கச்சேரி மேடையில் பெண்

1

தமிழில் கூத்தைப் 'பார்க்கிறோம்', கச்சேரியைக் 'கேட்கிறோம்'. 'கச்சேரி பார்க்கப் போறேன்' என்று சொன்னால் விஷயம் தெரிந்தவர்கள் சிரிக்கிறார்கள். 'அங்க பாக்கறதுக்கு என்ன இருக்கு? கண்ண மூடிட்டுக் கேளுங்க' என்கிறார்கள்.

எனக்குப் பிடித்த பெண் கலைஞர்களின் கச்சேரிக்கு நான் பார்க்கத்தான் போகிறேன். அந்த இரண்டரை மணி நேரம் தருகிற சந்தோஷம் ஒலிநாடாவில் கிடைத்ததில்லை, குறுந்தகட்டில் கிடைத்ததில்லை, இன்றைக்குக் கைபேசியிலும் கிடைப்பதில்லை. இந்தச் சந்தோஷம் எதனால் ஆனது என்று யோசிக்க முயல்கிறேன். ரசனை சொந்த விவகாரம், அதில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பெண்ணைப் பார்ப்பது நம் சமூகத்தில் ஒருபோதும் சொந்த விவகாரமாக இருந்ததில்லை.

2

சிலப்பதிகாரத்திலிருந்தே தொடங்கலாம். அரங்கேற்று காதை மேடையின் அளவைச் சொல்கிறது: ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். திரைகளைச் சொல்கிறது, ஆசிரியர்களின் இலக்கணத்தைச் சொல்கிறது. மாதவி ஆடி முடித்ததும் தலைக்கோல் பட்டமும் 1008 கழஞ்சுப் பொன்னும் பெறுகிறாள். அடுத்த கணமே அந்தப் பொன்னின் அளவு அவளை அடைவதற்கான விலையாக மாறிவிடுகிறது. அவளுடைய பயிற்சிக்கு அரசன் கொடுத்த மதிப்பு, நகர வீதியில் அவள் உடலுக்கான மதிப்பாகிறது.

கானல்வரியில் இன்னொன்று நடக்கிறது. கோவலன் யாழை வாங்கிப் பாடுகிறான். பிறகு மாதவி வாங்கிப் பாடுகிறாள். அவன் பாடியபோது அது பாட்டு. அவள் பாடியதும் அது வாக்குமூலமாகிவிடுகிறது: இவள் மனதில் வேறு ஒருவன் இருக்கிறான் என்று முடிவுகட்டி எழுந்து போகிறான். பாடுகிறவள் ஒரு வடிவத்துக்குள் நின்று கற்பனை செய்கிறாள், அவளும் ஒரு கலைஞர் என்கிற எண்ணமே அவனுக்கு வரவில்லை. அவன் கேட்டான், ஆனால் அவள் செய்துகொண்டிருந்த வேலையைக் காணவில்லை. காப்பியத்தின் அத்தனை துயரமும் இந்தக் காணாமையிலிருந்துதான் புறப்படுகிறது என்று வாசிக்க இடமிருக்கிறது.

3

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிராமபோன் இசைத்தட்டுகளில் பாடிய பெண்களில் பெரும்பங்கினர் தேவதாசி மரபிலிருந்து வந்தவர்கள். வீணை தனம்மாள் (1867–1938) சென்னை ஜார்ஜ் டவுனில் தன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்தார். பெரிய வித்வான்கள் அங்கே வந்து சத்தம் காட்டாமல் உட்கார்ந்து கேட்டார்கள். அது அவர் வீடு. என்ன வாசிப்பது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் அவர் முடிவு. பெங்களூர் நாகரத்தினம்மாள் தன் சொத்தைச் செலவழித்துத் திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்பினார். அந்த ஆராதனையில் பெண்கள் பாட அனுமதி இல்லை. அவர் பெண்களைத் திரட்டித் தனியாகப் பாட வைத்தார். 1940களின் தொடக்கத்தில்தான் பிரிந்து கிடந்த கோஷ்டிகள் ஒன்றாயின.

இசை சபாவுக்கு இடம்பெயர்ந்து, 'நல்ல குடும்பத்துப் பெண்கள்' பாட வந்தபோது பழைய பெண்ணுடல் ஒரு சிக்கலாகிவிட்டது. தாசியோடு ஒட்டிப்போயிருந்த அபிநயத்தை, சைகையை, உடலசைவைக் கழித்துவிட்டுக் குரலை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அமண்டா வைட்மன் 2006இல் வெளியிட்ட ஆய்வு நூல் இந்தக் குரல் அரசியலை விரிவாகப் பேசுகிறது: உடலை அசைக்காமல், இயல்பாகப் பொங்கி வருவதுபோல் பாடுகிற பெண் குரல் இந்தக் காலத்தில்தான் ஒரு லட்சியமாக உருவாக்கப்பட்டது என்கிறார். இசைத்தட்டும் வானொலியும் அதற்கு உதவின. காணப்படாமலே கேட்கப்பட முடிந்தது.

'கண்ண மூடிட்டுக் கேளுங்க' என்கிற அறிவுரைக்குள் இந்த வரலாறு இருக்கிறது. அது சுத்த சங்கீதத்தின் குரல் மாதிரித் தெரிகிறது. யாருடைய உடலைக் காணாமல் ஆக்கிவிட்டு அந்தச் சுத்தம் வந்தது என்பதை அது சொல்வதில்லை. 1947 சட்டம் தேவதாசி முறையை ஒழித்தது. ஒழிய வேண்டிய முறைதான். ஆனால் அந்த முறையோடு அந்தப் பெண்களின் மேடையும் போயிற்று. இசை மிஞ்சியது, வேறு கைகளில்.

4

அப்படியானால் நான் எதைப் பார்க்கிறேன்? அழகையா? புடவையையா? நாளிதழ் விமர்சகர்கள் அதைத்தான் பார்க்கிறார்கள். 'பாந்தமான தோற்றம்', 'தேன் குரல்', 'அடக்கமான பாட்டு'. கணக்கு வழக்கில் ஒரு பெண் கெட்டியாக இருந்துவிட்டால், 'ஆம்பள மாதிரி பாடறா'.

ஒரு நிரவலை எடுத்துக்கொள்வோம். பாடகி ஒரு வரியைத் தேர்ந்தெடுக்கிறார். வயலின்காரர் பக்கம் லேசாகத் தலையைத் திருப்புகிறார். தொடையில் கை தாளம் போட்டுக்கொண்டிருக்கிறது. ஸ்வரம் ஏறுகிறது. எங்கே முடிக்கப்போகிறார் என்று மிருதங்கக்காரர் அவர் கையைப் பார்க்கிறார். பாடகி கணக்கை நெருக்கி, எடுப்பில் சரியாக வந்து விழுகிறார். பிறகு ஒரு தலையசைப்பு: இனி உங்கள் தனி. இவ்வளவையும் ஒலிப்பதிவு நமக்குத் தருகிறது, ஆனால் முடிந்த விஷயமாகத் தருகிறது. முடிவு எடுக்கப்படுகிற கணம் அதில் இல்லை. மேடையில் மூன்று நான்கு பேர், பெரும்பாலும் ஆண்கள், ஒரு பெண்ணின் விரலைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிற கணம் அதில் இல்லை. வீட்டிலோ அலுவலகத்திலோ கட்சிக் கூட்டத்திலோ இப்படி ஒரு காட்சியை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்? என் சந்தோஷம் அங்கே இருக்கிறது. இசையின் சுகம் அதற்குள்ளேயே கலந்து கிடக்கிறது, பிரித்தெடுக்க முடியவில்லை.

டி.கே. பட்டம்மாளை (1919–2009) இந்த இடத்தில் வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். 1932இல் சென்னை ரசிக ரஞ்சனி சபாவில் மேடையேறினார். பிராமணப் பெண் மேடையில் பாடுவதே கேள்வியாக இருந்த காலம். அவர் அதோடு நிற்காமல் ராகம் தானம் பல்லவியைக் கையிலெடுத்தார். பல்லவி ஆண்களின் கோட்டை. ஒரே வரியைப் பல காலங்களில் நிறுத்தி, தாளத்தோடு பொருதி, உள்ளேயே கணக்குப் போட்டு வெளிவர வேண்டும். அதைப் பெண் சபையில் செய்தால், அவள் சிந்திப்பதை எல்லோரும் பார்க்க நேரும். நெடுங்காலம் பெண்களுக்கு வாசிக்காமலிருந்த பாலக்காடு மணி ஐயர் பின்னாளில் பட்டம்மாளுக்கு வாசித்தார். இதை மணி ஐயரின் பெருந்தன்மையாகச் சொல்கிறார்கள். நான் அதைப் பட்டம்மாளின் கணக்கில் வரவு வைப்பேன். நிறுவனங்கள் இன்னும் மெதுவாக நகர்ந்தன. 1928இல் தொடங்கிய மியூசிக் அகாதெமி ஒரு பெண்ணுக்கு சங்கீத கலாநிதி கொடுத்தது 1968இல், எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு.

வாத்தியத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. குரலையாவது 'கடவுள் கொடுத்தது' என்று தள்ளிவிடலாம். கடத்தை யாரும் அப்படிச் சொல்ல முடியாது. சுகன்யா ராம்கோபால் கடம் கற்க விரும்பியபோது, பெண் கைக்கு அது கடினம் என்றே அவருக்கு முதலில் சொல்லப்பட்டது. விக்கு விநாயக்ராமின் தந்தை ஹரிஹர சர்மா சொல்லிக்கொடுத்தார். பானையின் வாய் வயிற்றில் அணைந்திருக்க, விரலும் உள்ளங்கையும் மணிக்கட்டும் மண்ணில் மோதுகின்றன. அடக்கமாகக் கைகட்டி உட்கார வேண்டிய உடல், மேடை நடுவே மண்பானையை அடித்துக்கொண்டிருக்கிறது. காளீஷாபி மெஹபூப் நாகஸ்வரம் ஊதும்போது கன்னம் உப்புகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது. அழகுக் குறிப்புப் பக்கங்கள் எதை மறைக்கச் சொல்கின்றனவோ அதையெல்லாம் அந்தக் கலை வெளியே கொண்டுவருகிறது. அவரும் கணவர் ஷேக் மெஹபூப் சுபானியும் 2020ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ பெற்றார்கள். கோயில் வாத்தியத்தில் ஒரு முஸ்லிம் பெண்ணின் மூச்சு. இதையும் கண்ணை மூடிக்கொண்டா கேட்பது?

5

தோழர்கள் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: 'சபாவில போய் இதத் தேடறீங்களே, அங்க யார் உட்கார்ந்திருக்கா?' நியாயமான கேள்வி. அரங்கில் யார் இருக்கிறார்கள், மேடைக்கு யார் வரவேயில்லை என்பது எனக்கும் தெரிகிறது. பட்டம்மாளுக்குத் திறந்த கதவு எந்தப் பெண்களை வெளியே தள்ளிச் சாத்திய கதவு என்பதை மேலே சொன்னேன். ஆனால் மகிழ்ச்சியைச் சந்தேகிப்பதோடு அரசியல் முடிந்துவிடுகிறது என்று நான் நம்பவில்லை. மகிழ்ச்சிக்கு அளவுகோல் கிடைத்தால் அதை எடுத்துக்கொண்டு வேறு மேடைகளுக்கும் போகலாம்.

திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையடிப்பதைப் பாருங்கள். சாவு வீட்டுக்கும் சாதி அடிமைத்தனத்துக்கும் கட்டிவைக்கப்பட்ட, ஆண்கள் மட்டுமே அடித்த கருவி. தலித் இளம்பெண்கள் அதைத் தோளில் மாட்டி, தீயில் காய்ச்சி, அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் பிடித்துச் சுழன்று ஆடிக்கொண்டே அடிக்கிறார்கள். அடியை மாற்றச் சொல்லி ஒருத்தி கண் காட்டுகிறாள், வரிசை முழுதும் மாறுகிறது. சபாவில் பாடகியின் விரலில் நான் கண்டது இங்கே ஒரு வரிசை முழுக்கப் பரவியிருக்கிறது. இங்கே உட்கார்ந்து பார்க்க முடியாது, கால் நிற்காது. இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஒன்று மதிப்புள்ள மேடையில் இடம் கேட்டது, மற்றது இழிவென்று சொல்லப்பட்டதையே மேடையாக்கியது. இரண்டிலும் முடிவெடுக்கிற பெண்ணைக் காண்கிறேன் என்பதுதான் என் பேச்சு.

6

2018இல் பாலியல் அத்துமீறல் பற்றிப் பெண்கள் பேசத் தொடங்கிய பிறகு, அந்த டிசம்பர் விழாவிலிருந்து மியூசிக் அகாதெமி ஏழு கலைஞர்களை விலக்கியது. குருவின் வீட்டில், ஒத்திகை அறையில், வெளியூர்ப் பயணத்தில் நடப்பவை மேடையில் தெரிவதில்லை. ஆகவே மேடையைப் பார்ப்பது மட்டும் போதாது என்பதும் உண்மை. மேடைக்கு வந்து சேராத பெண்ணைப் பற்றி நமக்கு எந்த ஒலிப்பதிவும் இல்லை.

நம் சிற்றிதழ்கள் நாவலுக்கும் கவிதைக்கும் பக்கம் பக்கமாக விமர்சனம் எழுதுகின்றன. இசையை நாளிதழ்காரர்களிடமும் சபா மலர்களிடமும் விட்டுவிட்டோம். அடுத்த முறை ஒரு பெண்ணின் கச்சேரிக்கோ பறையாட்டத்துக்கோ போகிறவர்கள் குரல் இனிமையைப் பற்றி எழுத வேண்டாம். யார் யாருக்குக் கண் காட்டினார்கள், யார் காத்திருந்தார்கள், தனி ஆவர்த்தனத்துக்கு எத்தனை நிமிடம் கொடுத்தார், பக்கவாத்தியத்தில் பெண்கள் எத்தனை பேர், அவர்கள் இரவு எப்படி வீடு திரும்பினார்கள் என்று எழுதுங்கள். கண்ணைத் திறந்துகொண்டு போங்கள்.