சங்கிலி ஜெயித்திருந்தால்?

எங்கள் நெட்டப்பாக்கம் பக்கம் "அப்படி மட்டும் நடந்திருந்தா" என்கிற பேச்சுக்குப் பஞ்சமே கிடையாது. 1754-ல் டூப்ளேவை பிரான்சுக்குத் திருப்பி அழைக்காமல் விட்டிருந்தால் இந்தியாவே பிரெஞ்சுக்காரன் கையில் இருந்திருக்கும் என்று டீக்கடையில் யாராவது சொல்வார்கள். நானும் தலையாட்டியிருக்கிறேன். அதனால் இந்த வகைக் கற்பனையைக் கேலி செய்வதற்காக இதை எழுதவில்லை.

கொஞ்ச நாளாக இணையத்தில் அடிக்கடி கண்ணில் படுவது இதே கேள்வியின் ஈழத்து வடிவம். 1619-ல் இரண்டாம் சங்கிலி போர்த்துக்கீசியரை முறியடித்திருந்தால்? உடனே நல்லூர் அழியாமல் நிற்கிறது, கப்பல்கள் கிளம்புகின்றன, யாழ்ப்பாண அரசு இன்றுவரை நீடிக்கிறது. படிக்க ஆசையாகத்தான் இருக்கு. ஆனால் மாற்ற வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரிகிற இடத்தை மட்டும் மாற்றுகிறார்கள் என்பதுதான் என் புகார்.

1619-ல் என்ன மிச்சம் இருந்தது என்று பாருங்கள். 1560-ல் கோவாவின் ஆளுநர் கான்ஸ்டன்டினோ த பிரகான்சாவே படையோடு வந்து நல்லூரைப் பிடித்தார். மக்கள் திரண்டு எழுந்ததும் பின்வாங்கினார். ஆனால் மன்னாரை விடவில்லை, அங்கே கோட்டை கட்டி உட்கார்ந்துவிட்டார்கள். முத்துக்குளிப்பும் இந்தியக் கரைக்குப் போகிற கடல்வழியும் அந்தக் கோட்டையின் பார்வைக்குள் வந்துவிட்டன. 1591-ல் மறுபடி வந்த படை, அரசனைக் கொன்று எதிர்மன்னசிங்கத்தை அரியணையில் உட்கார வைத்தது. அதற்கப்புறம் நல்லூரில் இருந்தது பறங்கியர் சம்மதத்தோடு இருந்த அரசு. 1617-ல் சங்கிலி ஆட்சிக்கு வந்ததும் அரச குடும்பத்தாரின் ரத்தத்தில்தான். தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரின் படை உதவிக்கு வந்தது, அதுவும் தோற்றது.

சரி, ஜெயிச்சுட்டார்னே வெச்சுக்குவோம். மன்னார்க் கோட்டை அப்படியேதான் இருக்கும். கோவாவிலிருந்து அடுத்த கப்பல் வரும். அதையும் தாண்டினால் டச்சுக்காரன். 1658-ல் அவன்தான் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடுங்கினான். கண்டி அரசு 1815 வரை தாக்குப்பிடித்ததற்கு அதன் மலையும் காடும் பெரிய காரணம். யாழ்ப்பாணம் தட்டையான நிலம், சுற்றிலும் கடல். அந்தக் கடலில் யார் கப்பல் ஓடுகிறது என்பதுதான் கேள்வியே.

மத்தியதரைக் கடலில் இதற்கு அச்சு அசலான ஜோடி ஒன்று உண்டு: மயோர்க்கா தீவு அரசு. 1276-ல் தனி அரசானது. எங்கள் புதுச்சேரி மாதிரியே துண்டு துண்டான நாடு; தீவுகள் ஒரு பக்கம், பெர்பிஞான், மோன்பெலியே எல்லாம் மறுகரையில். 1349-ல் அதன் கடைசி அரசன் மூன்றாம் ஜேம்ஸ், மோன்பெலியேவை பிரெஞ்சு அரசனுக்கு விற்று, அந்தப் பணத்தில் படை திரட்டித் தீவில் இறங்கினான். லுக்மயோர் போரில் செத்தான். அவன் ஜெயித்திருந்தால் என்று கேட்கலாம்தான். ஆனால் 1279-லேயே அந்த அரசு அரகோனுக்கு அடங்கிய சிற்றரசு ஆகிவிட்டது. அவர்களுக்கு 1279 எப்படியோ, நமக்கு 1560 அப்படி.

இன்னொரு விஷயம். ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை இரண்டு சங்கிலிகளையும் ஒருவராகவே ஆக்கிவிட்டது. பறங்கியர் ஆட்சி வரும் என்று ஒரு முனிவர் முன்கூட்டியே சொல்வதும் அதில் உண்டு. விதி என்று அது சொல்கிறது. ஒரு வீரன் வென்றிருந்தால் போதும் என்று இணையம் சொல்கிறது. இரண்டுமே ஒரே வேலையைத்தான் செய்கின்றன. கப்பல், கோட்டை, கப்பம், உள்வீட்டுக் கொலை என்கிற காரணங்களைப் பற்றி யோசிக்க விடாமல் செய்கின்றன.

எனக்கு உறுத்துவது இதைவிடப் பெரிது. 1544-ல் மன்னாரில் மதம் மாறிய மீனவ மக்களை நூற்றுக்கணக்கில் கொன்றது முதலாம் சங்கிலியின் ஆட்சி. நான் படித்த கற்பனைகளில் அவர்கள் எங்குமே வருவதில்லை. வென்ற யாழ்ப்பாணத்தில் அவர்கள் பிள்ளைகளுக்கு இடம் உண்டா? இழந்ததைக் கனவில் மீட்கிறவர்கள் யாரை வெளியே விட்டுவிட்டு மீட்கிறோம் என்றும் சொல்ல வேண்டாமா?

யாராவது திரும்ப எழுதினால் 1619-ஐ விட்டுவிடுங்கள். 1560-ல் மன்னாரில் ஆரம்பியுங்கள். பறங்கியைக் கரையேற விடாமல் தடுக்க அந்த அரசனுக்கு மன்னார்க் கரைக்காரர்களின் படகுகள் தேவைப்பட்டிருக்கும். பதினாறு வருடம் முன்னால் நடந்ததை மறந்து அவர்கள் ஏன் வந்திருக்க வேண்டும்? அதற்குப் பதில் இருக்கிற கதையை நான் விடிய விடிய படிப்பேன்.