களிம்பு நிறத்தில் ஒரு பேய்ப்படை

பேய்க்குக் கால் கிடையாது என்று நம் பாட்டிமார் சொன்னது இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் வரை எட்டியிருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் அங்கிருந்து இயங்கும் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனம் 2018இல் ‘சோல் வார்ஸ்’ பெட்டியில் அனுப்பிவைத்த நைட்ஹான்ட் பேய்ப்படையில் கால்களைத் தேடினால் ஏமாற்றம்தான். இடுப்புக்குக் கீழே வெறும் கந்தல். அது முறுக்கிக்கொண்டு இறங்கி, நுனி மெலிந்து, தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது.

மேசைமேல் படைகளை நிறுத்திப் பகடை உருட்டி ஆடும் ‘வார்ஹாமர்: ஏஜ் ஆஃப் சிக்மர்’ ஆட்டத்துக்கான பொம்மைகள் இவை. பிளாஸ்டிக் சட்டத்தில் துண்டு துண்டாக வரும். வெட்டுவது, ஒட்டுவது, வண்ணம் பூசுவது எல்லாம் வாங்கியவர் பாடு. ஆட்டம் எப்படியோ போகட்டும், அந்தப் பாட்டுக்காகவே வாங்குகிறவர்கள் உண்டு.

பேயை வரைவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. முதல்முறை தூரிகை பிடிப்பவருக்கும் அது எளிது. கைதேர்ந்தவருக்கோ அதுவே தலைவலி.

எளிது என்பதற்குக் காரணம் வண்ணம். வெள்ளை ஸ்பிரே அடித்த பொம்மைமேல் நீர்த்த வண்ணத்தைத் தாராளமாக ஓட்டினால், அது மேடுகளிலிருந்து வழிந்து மடிப்புகளில் தேங்கும். மேடு வெளிறும், பள்ளம் அடர்ந்துபோகும். நிழலும் வெளிச்சமும் தாமாகவே விழுந்துவிடும். இதற்கென்றே 2019இல் ‘கான்ட்ராஸ்ட்’ என்ற வரிசை வந்தது. அதற்கு முன்பே பேய்க்காரர்கள் கண்டுபிடித்துவைத்திருந்த ஒன்று ‘நிஹிலாக் ஆக்ஸைடு’. செம்பில் பிடிக்கும் களிம்பைக் காட்டத் தயாரித்த வண்ணம் அது. புளி போட்டுத் தேய்க்காமல் விட்ட செப்புக் குடத்தின் கழுத்தில் படியுமே, அதே வெளிர்ப் பச்சைநீலம். அதைக் கொஞ்சம் நீர்க்க வைத்து வெள்ளைமேல் விட்டால் குடம் மறைந்து ஆவி வந்துவிடுகிறது. ஒரு வண்ணத்துக்கு இதைவிட நல்ல மறுபிறவி அமையாது.

ஒரே எச்சரிக்கை: பாதி காய்ந்த இடத்தை மறுபடி தொடக் கூடாது. தொட்டால் காபி டம்ளர் வைத்த மேசைபோல விளிம்பில் ஒரு வளையம் விழும். அது பிறகு போகாது.

இந்த அளவில் நின்றாலே மூன்றடி தள்ளிப் பார்க்கும்போது படை ஜம்மென்று இருக்கும். ‘செயின்ராஸ்ப்’ என்ற சங்கிலிப் பேய்களை நாற்பது ஐம்பது என்று நிறுத்த வேண்டியவருக்கு அது போதும். கையில் எடுத்துக் கண்ணருகே கொண்டுபோனால்தான் குறை தெரியும். அது பேயாக இல்லை, பச்சைத் துணி போர்த்திய ஆளாக இருக்கிறது.

ஒளி புகாத பிளாஸ்டிக்மேல் ஒளி புகும் உடலைக் காட்டுவதுதான் இங்கே பந்தயம். தேர்ந்தவர்கள் அதற்குப் பேயைவிடப் பேயின் பக்கத்தில் இருப்பவற்றைத்தான் அதிகம் உழைத்து வரைகிறார்கள். சங்கிலிப் பேய் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மணிக்கட்டில் இரும்பு விலங்கு. அதற்குக் கரும்பழுப்பு அடித்து, கிழித்த ஸ்பாஞ்சால் துருவின் செம்மஞ்சளை ஒற்றி, விளிம்பில் மட்டும் ஒரு வெள்ளிக் கீற்று இழுக்கிறார்கள். விலங்கு கனக்கத் தொடங்குகிறது. விலங்கு கனத்ததும், எதுவுமே செய்யாமல், அதற்குள் இருக்கும் கை காற்றாகிவிடுகிறது. துருப்பிடித்த வாள், உளுத்த மரப்பிடி, காலடியில் சேறு என்று திடமானவை கூடக் கூடப் பேய் மெலியும்.

இன்னொரு தந்திரம் வெளிச்சத்தைத் தலைகீழாக்குவது. மனிதப் பொம்மைக்கு வெளிச்சம் மேலிருந்து விழும்; பள்ளம் இருளும். பேய் தானே ஒளிர்வது என்று வைத்துக்கொண்டால் ஒளி உள்ளிருந்து வர வேண்டும்: மடிப்பின் ஆழம் வெள்ளை, கந்தலின் ஓரம் இருட்டு. ‘கார்டியன் ஆஃப் சோல்ஸ்’ என்ற உருவம் கையில் விளக்கு வைத்திருக்கிறது. அந்த ஒளி அங்கியின் ஒரு பக்கத்தில் மட்டும் படும்படியும், தள்ளிப்போகப் போக மங்கும்படியும் வரைந்தவர்களின் பொம்மையைப் பார்த்தால் கை தானாக அறை விளக்கை அணைக்கப் போகும். ஒளிரும் பச்சையை எல்லா இடத்திலும் கொட்டியவர்களுடையது கல்யாண மண்டப சீரியல் செட் மாதிரி இருக்கும். அந்தப் பச்சைமேல் எல்லாருக்கும் ஒரு கண். ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ மூன்றாம் படத்தில் 2003இல் வந்த இறந்தோர் படைக்கும் அதில் பங்கு உண்டு. எலும்பு வெள்ளையிலிருந்து கருநீலத்துக்கு இறங்கும் பேயைப் பார்க்கும்போது கிடைக்கும் குளிர் அந்தப் பச்சையில் இல்லை.

கதை தெரிந்து வரைந்தால் கை வேறு மாதிரி போகும். இந்த உலகில் பேயாவது நாகாஷ் என்ற மரண தேவன் விதிக்கும் தண்டனை. தண்டனையில் குரூரமான ஒரு குறும்பும் இருக்கும். உயிரோடிருந்தபோது வைத்தியம் பார்த்தவர்கள் ‘ஹாரிடன்’ என்ற பேய்களாகிக் கை நிறைய அரிவாளோடு அலைகிறார்கள். அரச குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டுப் பொய்க் கண்ணீர் வடித்தவள் லேடி ஓலிண்டர். உலகத்தின் துக்கம் முழுவதையும் சுமக்கும்படி சபிக்கப்பட்டு, முக்காடிட்ட அரசியாக மிதக்கிறாள்.

அந்த முக்காடுதான் இந்தப் படையிலேயே கடினமான இடம். அச்சில் வந்தது கெட்டிப் பிளாஸ்டிக். பார்ப்பவருக்கோ வலைத்துணியும் அதற்குப் பின்னால் ஒரு முகமும் தெரிய வேண்டும். துணி முகத்தில் ஒட்டும் நெற்றியிலும் கன்ன எலும்பிலும் முகத்தின் நிறத்தைக் கொஞ்சம் கலந்து, துணி விலகித் தொங்கும் இடத்தில் துணியின் நிறத்துக்கே திரும்ப வேண்டும். ஒவ்வொரு பூச்சும் ஏறக்குறையத் தண்ணீர்தான். தூரிகையைக் காகிதத்தில் ஒற்றி ஈரத்தை எடுத்து, ஒரு தடவல், காய விடுவது, மறுபடி ஒரு தடவல். பத்தாவது பூச்சு வரை ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். பிறகு ஏதோ ஒரு பூச்சில், நகக்கண் அளவு பிளாஸ்டிக்குக்குப் பின்னாலிருந்து அவள் பார்க்கத் தொடங்குவாள்.