கொடிக்கயிறு போல ஓர் ஏரியல்

ஹாம் ரேடியோ எனும் பொழுதுபோக்கு வானொலியில் எனக்கு மிகப் பிடித்தது அதன் ஏரியல். 14 மெகாஹெர்ட்ஸில் பேச, சுமார் 10 மீட்டர் செம்புக் கம்பியை நடுவில் வெட்டி, கேபிளை இணைத்து, இரண்டு தென்னைகளுக்கு நடுவே உயரக் கட்டினால் போதும். பார்த்தால் துணி காயப்போடும் கொடிதான். அதிலிருந்து கிளம்பும் அலை வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, ஆயிரம் மைலுக்கு அப்பால் போய் இறங்கும். இடையில் கோபுரம் எதுவும் வேண்டாம். உரிமம் மட்டும் வேண்டும்.

மின்சாரத்துக்கு 12 வோல்ட் கார் பேட்டரி. 100 வாட் செட், கேட்கும்போது ஓரிரு ஆம்பியர்தான் இழுக்கும். பேசத் தொடங்கினால் இருபதைத் தொடும். அதனால் தேர்ந்த ஹாம்கள் நிறையக் கேட்பார்கள், சுருக்கமாகப் பேசுவார்கள். (நம் கல்யாண மேடை மைக்குகளுக்கும் இப்படியொரு பேட்டரி வைக்கலாம்.)

கோபுரமும் மின்இணைப்பும் வேண்டாத இந்த ஏற்பாடு பேரிடரில் கைகொடுக்கும். 2004 டிசம்பரில் ஹாம் ரேடியோக்காரர் பாரதி பிரசாத்தின் குழுவினர் அந்தமானுக்குப் போனது, அங்கிருந்து உலக ஹாம்களோடு பேசும் ஆசையில். 26ஆம் தேதி சுனாமி வந்தது. தொலைபேசித் தொடர்புகள் அறுந்தன. பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன செட், போர்ட் பிளேரிலிருந்து நலச்செய்திகளை இந்தியப் பெருநிலத்துக்கு அனுப்பத் தொடங்கியது.