நுண்பொறித் திரள்களும் அவற்றின் காவலும்: மலையகத்திலிருந்து ஒரு நோக்கு

தனித்து நோக்கின் அறிவோ ஆற்றலோ அற்ற நுண்ணிய பொறிகள் சில எளிய விதிகளின்படி அயற்பொறிகளுக்கு இசைந்து நடக்கின்றன. தலைமையும் கட்டளையும் இன்றியே அவை ஓருடல்போல் இயங்குகின்றன. இத்தகைய திரள்களைப் பொருளாகக் கொண்ட நாவல்களுள் இரண்டு சிறப்பாகக் கருதத்தக்கவை. ஒன்று, போலந்து எழுத்தாளர் ஸ்தனிஸ்லாவ் லெம் 1964இல் வெளியிட்ட ‘வெல்லற்கரியது’. மற்றது, அமெரிக்கரான மைக்கல் கிரைட்டன் 2002இல் வெளியிட்ட ‘இரை’. திரள்களிடமிருந்து மனிதரைக் காப்பது பற்றி இவை கூறுவன யாவை, கூறாது விட்டவை யாவை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிரைட்டனின் திரள் நெவாடாப் பாலைவனத் தொழிற்சாலையொன்றில் உருவாகின்றது. வேட்டை விலங்கின் நடத்தையை மாதிரியாகக் கொண்ட கணினி நிரல் அதனை இயக்குகின்றது. நுண்ணுயிர்களின் துணையால் அது பெருகுகின்றது. இராணுவ ஒப்பந்தமும் இலாப அவசரமுமே அதனை வெளியுலகிற்கு விட்டன என ஆசிரியர் காட்டுவது நாவலின் வலிமை. ஆயின், சமூகக் காரணத்தைச் சரியாக இனங்கண்ட அவர், தீர்வை வெடிமருந்திலும் நுண்ணுயிரைக் கொல்லும் வைரசிலும் தேடுகின்றார். திரள் அழிகின்றது, அதனைப் பிறப்பித்த அவசரம் அழியவில்லை.

லெம்மின் நோக்கு இதனினும் ஆழமானது. அவர் படைத்த கோளில், கைவிடப்பட்ட இயந்திரங்கள் நெடுங்காலப் போட்டியினூடே மாறி வந்துள்ளன. பேராற்றல் கொண்டவை அழிய, ஈயளவான எளிய பொறிகள் எஞ்சுகின்றன. அவற்றிடம் பகையுணர்ச்சி இல்லை. எனவே அவற்றைப் பழிவாங்குதல் பொருளற்றது என உணர்ந்து மனிதர் விலகிச் செல்கின்றனர். எனினும், விலகிச் செல்லும் வசதி யாருக்கு உண்டு என்ற வினாவை நாவல் எழுப்பவில்லை. அங்கு வந்தவர் அனைவரும் விண்கலம் உடையவர்.

தமிழில் இப்பொருளைப் பெருந்திரளான மக்களிடம் கொண்டுசென்றது 2018இல் வெளிவந்த ‘2.0’ திரைப்படம். அதில் வரும் நுண்பொறிகள் கதைநாயகனின் துணைப்படை மட்டுமே. அவற்றை அடக்குவது யார் என்ற வினா அங்கு முதன்மை பெறவில்லை.

இவ்வினாக்களை நானுஓயாவிலிருந்து எழுப்புவோர்க்கு விடைதேடக் கற்பனைக் கோள் வேண்டியதில்லை. கண்ணுக்குப் புலனாகாது, தானே பெருகி, காற்றில் பரவிய திரளொன்றை மலையகம் கண்டுள்ளது. 1869இல் இலங்கையில் இனங்காணப்பட்ட கோப்பி இலைத்துரு நோய்ப் பூஞ்சணமே அது. 1880இல் அதனை ஆராய வந்த மார்ஷல் வார்ட், இடையீடின்றி ஒரே பயிரை நட்டமை நோய் பரவ வழிவகுத்ததை எடுத்துக்காட்டினார். 1885இல் புகையிரதம் நானுஓயாவை அடைந்தபோது கோப்பி வீழ்ந்துகொண்டிருந்தது. முதலீடு தேயிலைக்கு மாறியது. முறிந்த தோட்டங்களின் தொழிலாளர் பலர் நிலுவைக் கூலியை இழந்தனர். அவர்களுக்கு விண்கலம் இருக்கவில்லை.

மறுதலையான சான்றும் இம்மண்ணிலேயே உண்டு. தேயிலைக் கொழுந்தைச் சுருட்டும் புழுவை அடக்க, 1930களின் நடுப்பகுதியில் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் என்னும் ஒட்டுண்ணிக் குளவி கொண்டுவரப்பட்டது. அதுவும் தானே பெருகுவது. அதற்கும் கட்டளையிடுவார் இல்லை. எனினும் புழுவைச் சார்ந்தே அது வாழ்ந்தமையால், புழு குறையத் தானும் குறைந்தது. பின்னர், தண்டைத் துளைக்கும் வண்டை ஒழிக்கத் தெளித்த டீல்ட்ரின் அக்குளவியையும் கொன்றது. அடங்கியிருந்த புழு மீண்டும் பெருகியது.

இவற்றிலிருந்து பெறப்படுவது யாது? திரளைக் காவலுக்குள் வைப்பது அதன் அறிவைக் குறைப்பதன்று. எதைச் சார்ந்து அது வாழவேண்டும் என்பதை வரையறுப்பதும், அதனைக் கட்டுப்படுத்தும் பிற உயிர்களைக் காப்பதுமே ஆகும். தானே பெருகும் பொறிகள் உலகை விழுங்கக்கூடும் என 1986இல் எச்சரித்த எரிக் ட்ரெக்ஸ்லரும், 2004இல் கிறிஸ் பீனிக்சுடன் எழுதிய கட்டுரையில், நுண்பொருள் உற்பத்திக்குத் தன்னிச்சையாகப் பெருகும் பொறிகள் தேவையே இல்லை என வாதிட்டார். அழிப்பதைப் பற்றியே பேசும் நாவல்கள், அமைக்கும்போதே இடவேண்டிய இவ்வரம்பைப் போதிய அளவு பேசவில்லை.

இன்னொரு குறையும் உண்டு. இரு நாவல்களிலும் ஆபத்தை எதிர்கொள்வோர் நிரலாளரும் விண்கலத் தளபதியுமே. மலையகத்தில் முதுகில் தாங்கியைச் சுமந்து மருந்தடிப்பவர் தொழிலாளி. காவல் என்ற பெயரில் நிகழும் ஒவ்வொரு செயலும் முதலில் அவரது தோலிலும் மூச்சிலுமே படிகின்றது. அவரைப் பாத்திரமாகக் கொள்ளாத கதை, பாதுகாப்பின் செலவை மறைத்துவிடுகின்றது எனலாம்.

சி. வி. வேலுப்பிள்ளையும் தெளிவத்தை ஜோசப்பும் தோட்டத் தொழிலாளரின் வாழ்வை நமது இலக்கியத்தின் மையத்துக்குக் கொண்டுவந்தனர். அம்மரபில் வருவோர் அறிவியற் புனைகதையை நகரத்தாரின் பொழுதுபோக்கென ஒதுக்கிவிடலாகாது. நுண்பொறிகள் வயல்களிலும் தோட்டங்களிலும் பயன்படும் காலம் வருமாயின், அவற்றை முதலிற் கையாளப் பணிக்கப்படுபவர் நம்மவராகவே இருப்பர். அக்கதையை அவர்கள் பக்கம் நின்று எழுதுவது நமது பொறுப்பாகும்.